செவுளுக்கு ஆகாத தண்ணீர்

1

தங்கமீன் தொட்டியில் தண்ணீரைக் கெடாமல் வைத்துக்கொள்வது பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிக்குள் ஒரு பெண் குறுக்கே வந்து தொட்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். யாரம்மா நீ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. குறிப்பு அங்கேயே நின்றுபோனது.

2

அன்று சனிக்கிழமை. வானம் லேசாக

(வேண்டாம். வானத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.)

அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். கணவருக்கு அது இரண்டாம் கல்யாணம். மூத்த தாரத்து மகள் ஒருத்தி, பள்ளிக்கூடம் போகிறவள். அந்தப் பெண் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்பாள். அவள் சிரிப்பெல்லாம் கூடத்து மூலையிலிருந்த தொட்டிக்கும் அதிலிருந்த இரண்டு தங்கமீன்களுக்கும்தான்.

(மீன்களை இறந்துபோன அம்மா வாங்கித் தந்ததாக முதலில் எழுதினேன். கண்ணீருக்கு அது குறுக்கு வழி, அடித்துவிட்டேன். மகளே அடம்பிடித்து வாங்கியவை.)

3

மகள் பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள். தொட்டிக் கண்ணாடியில் பாசி, தண்ணீரில் மங்கல். பிள்ளை திரும்பி வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று சித்தி மீன்களை வாளிக்கு மாற்றினாள். பழைய தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்து, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவி, குழாய்த் தண்ணீரையே நிரப்பினாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது.]

மகள் வந்தாள். மறுநாள் ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. என்ன ஆச்சு என்று அப்பா கேட்டதற்கு, கழுவினவங்களைக் கேளுங்க என்று சொல்லிவிட்டு, மீனைப் பூந்தொட்டி மண்ணில் புதைக்கப் போனாள். சித்தி வேலைக்குக் கிளம்பினாள்.

4

நோயாளிகளை இயந்திரத்தில் இணைப்பதற்கு முன்னால் தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குழாயில் வரும் குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது, டயாலிசிஸில் அப்படியில்லை. அங்கே தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றுதான். சோதனைத் தாளும் கையுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள். மீனின் செவுளிலும் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் ரத்தம்.

(இவ்வளவு தெரிந்தவள் வீட்டில் எப்படிக் கோட்டை விட்டாள்? நம்பும்படி இல்லையே என்று அவளை வங்கி வேலைக்கு மாற்றப் பார்த்தேன். பிறகு யோசித்தால், தெரிந்ததையெல்லாம் வேலை செய்யும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் நாமும். விட்டுவிட்டேன்.)

வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். பின்னால் குழாய் ஓடும் சத்தம்.

"என்ன பண்ற?"

"தண்ணி மாத்தப் போறேன். இன்னொண்ணும் மேல வந்து வாயைப் பிளக்குது."

"அந்தத் தண்ணிய ஊத்தாதே."

"நீங்க சொன்னா நான் கேக்கணுமா?"

"கேக்க வேண்டாம். ஏன்னு மட்டும் சொல்லிடறேன்."

சொன்னாள். இங்கே வேண்டாமென்று வடிகட்டி எடுக்கிற குளோரினைத்தான் அங்கே தன் கையால் ஊற்றியதையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

(ஒரு வரைவில் இந்த இடத்திலேயே குழாயை மூடவைத்தேன். அந்தப் பெண் அவ்வளவு சுலபத்தில் மசிகிறவள் இல்லை.)

"வயித்துக்குள்ள போனா ஒண்ணும் பண்ணாதது, செவுள்ல மட்டும் ஏன் பண்ணுது?"

தெரிந்துகொள்வதற்காக அவள் சித்தியிடம் கேட்ட முதல் கேள்வி அது. டெக்னீஷியன் அந்த மெல்லிய சவ்வைப் பற்றி விளக்கத் தொடங்கினாள். விளக்கம் பாதியில் இருக்கும்போதே குழாய்ச் சத்தம் நின்றது.

5

மகள் தெருமுனை மீன் கடைக்கு ஓடி, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து வாங்கிவந்து, கடைக்காரர் சொன்ன அளவில் தொட்டியில் விட்டாள். இரை போடாதே, இனிமேல் தண்ணீரை மொத்தமாக மாற்றாதே, மருந்து கலந்த தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசு என்றெல்லாம் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் டெக்னீஷியன் வந்தபோது மீன் ஒருக்களித்தபடி அடியில் கிடந்தது. செவுள் அடித்துக்கொண்டிருந்தது.

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மீன் துள்ளி நீந்த, மகள் 'அம்மா' என்று கட்டிக்கொண்டாள். மற்றதில் மீன் செத்து, இருவரும் சேர்ந்து அழுதார்கள். இரண்டுமே அவர்கள் செய்யக்கூடியதாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தொட்டி முன்னால் பெஞ்சில் இருந்த மகள், திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப மெதுவா அடிக்குது. அது நல்லதா, கெட்டதா?"

"தெரியலையே," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் சித்தி.

எனக்கும் தெரியவில்லை. பெஞ்சில் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், மீனை நீங்கள் பாருங்கள்.