நாற்பது டிகிரி

கோகிலவாணி வேலையிலிருந்து வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் பழனியாண்டி, தான் யார் என்று கேட்டுக்கொண்டு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆபீஸ் போர்டுல மெடிக்கல் கேம்ப் ரிசல்ட்டு ஒட்டியிருக்காங்க புள்ள. என் பேருக்கு நேரா 'ஸ்ரீலங்கன் ரிப்பேட்ரியேட், நெகட்டிவ்'னு போட்டிருக்காம். நான் சிலோன்லேருந்து வந்தவன் இல்லைன்னு அர்த்தமாம், கணக்கெழுதுற ரைட்டர் வாசிச்சுச் சொல்றாரு. சிலோன் அட்டன்ல பொறந்து, கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்து எறங்குனவன் நான். இப்ப நான் யாரு? என்னைய எங்க திருப்பி அனுப்பப் போறாங்க?"

அவருடைய குடைக்குள்ளேயே ஒண்டியிருந்த சுடலைமுத்துவுக்கு நேர் எதிரான துயரம். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம் அவனுடையது. அவன் கடலையே பார்த்ததில்லை.

"எனக்குப் பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்க அம்மணி. பாசிட்டிவ்னா, தொத்துதுங்களா?"

"அடேய், நாங்க என்ன கொரோனாவா?" என்றார் பழனியாண்டி.

"அதுக்கில்லீங்ண்ணா. சிலோன்காரங்களுக்கு ஊடு கட்டித் தர்றாங்கன்னா, பாசிட்டிவ் வந்தவனுக்கும் அதுல ஒண்ணு உண்டுங்களான்னு ஒரு கேள்விதான்."

"நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று இருவரையும் அனுப்பிவைத்தாள். கேட்க வேண்டியது எஸ்டேட் ஆபீஸில் அல்ல, தன்னுடைய ஆபீஸில்தான் என்பதை அவள் சொல்லவில்லை.

குன்னூரில் ஒரு வர்க்கி பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவள் கம்பெனி. நோயாளியைப் பார்த்து முடித்த அமெரிக்க டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகி வைப்பதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. இப்போது அதில் முக்கால்வாசியை மெஷினே செய்துவிடுகிறது. வேலை வற்றிப்போனதால், கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்று எஸ்டேட்டில் நடத்திய இலவச முகாமின் ஒலிப்பதிவுகளைக் கம்பெனி கேட்டு வாங்கிப் போட்டிருந்தது. குவாலிட்டி ஹெட் ராஜரத்தினம், மலைப்பாதையில் பர்லியாறு வளைவுகளைத் தாண்டினாலே தலைசுற்றும் மனிதர், டை கட்டிக்கொண்டு 'ஷெட்யூல்' என்பதை 'ஸ்கெஜூல்' என்பார். நோயாளிகளின் ரகசியம் காப்பதற்காக எல்லோருடைய போனையும் லாக்கரில் வைத்துப் பூட்டுவார், இன்டர்நெட்டும் கிடையாது. அந்த ரகசியம்தான் இப்போது நோட்டீஸ் போர்டில் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. டாக்டர் மொட்டையாக எழுத்துகளைச் சொன்னால் முழுச் சொல்லாக விரித்து எழுத வேண்டும். புரியவில்லை என்று இடம் விடக் கூடாது. "பிளாங்க் விடுகிறவர் பேஷன்ட்டைக் கைவிடுகிறவர்" என்று பிரேம் போட்டு மாட்டியிருந்தார்.

கோகிலவாணி ஆறு வருஷமாக அமெரிக்க இதயங்களை மட்டுமே கேட்டவள். முகாமுக்கு வந்தவரோ எலும்பு டாக்டர். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் போலப் பேசினார். 'எஸ்எல்ஆர் பாசிட்டிவ்', 'எஸ்எல்ஆர் நெகட்டிவ்' என்று ஆளுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. கையைத் தூக்கிக் கேட்டாள். ராஜரத்தினம், மரியாதைக்கு எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் கண்ணை மூடி யோசித்தார்.

"நீலகிரில உக்காந்துட்டு இதைக் கேக்கலாமுங்களா? ஸ்ரீலங்கன் ரிப்பேட்ரியேட். ஏனுங்க வாணி, நீங்களே பாசிட்டிவ்தானுங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு சந்தேகம்கூட வரவில்லை. ரேஷன் கார்டுக்கும் ஜாதிச் சான்றிதழுக்கும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜன்னல்களுக்கு உள்ளே, யாரோ ஒருவர் தங்களை மூன்றெழுத்தில் குறித்துத்தான் வைத்திருப்பார் என்று அவள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டாள். சில பதிவுகளில் 'பாசிட்டிவ் அட் நாற்பது டிகிரி' என்று வந்தது. அதற்கும் ராஜரத்தினத்திடம் பதில் இருந்தது.

"குன்னூர்ல ஏதுங்க நாப்பது டிகிரி? டாக்டர் கோயமுத்தூர்க்காரர். ஊர் வெயில் ஞாபகத்துல சொல்லியிருப்பார். எடுத்துருங்க."

எடுத்துவிட்டார்கள்.

அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா தெய்வம்மா, வாசலில் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுடலைக்கு நோவு ஜாஸ்திதான். டாக்டரு தம்பி காலத் தூக்குனப்ப அவன் போட்ட சத்தத்துல வெளிய படுத்திருந்த நாயி எந்திரிச்சு ஓடிருச்சு. பழனியண்ணனுக்கு எம்புட்டுத் தூக்குனாலும் சிரிச்சுக்கிட்டே கெடந்துச்சு."

"எப்படிம்மா தூக்குனாரு?"

"மல்லாக்கப் படுக்கவச்சு, முட்டிய மடக்காம, நேரா. எனக்குப் பாதி தூக்குறதுக்குள்ளயே கண்ணு இருட்டிருச்சு. இடுப்புல நரம்பு அமுங்கியிருக்குன்னு சொன்னுச்சு அந்தப் புள்ள. ஆமா, நர்சரி லிஸ்ட்டு எப்ப வருமாம்?"

கோகிலவாணியின் காதில் 'எஸ்எல்ஆர்' மறுபடி ஒலித்தது. ஸ்ட்ரெய்ட். லெக். ரெய்ஸ். காலை நேராகத் தூக்கிப் பார்ப்பது; மூன்று எழுத்தும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. நாற்பது டிகிரி வெயிலல்ல, வலி வந்த கோணம்.

இடுப்பு போனவர்களைச் சரிவில் கொழுந்து எடுப்பதிலிருந்து விடுவித்து, உட்கார்ந்தபடி நாற்றுப் பைக்கு மண் நிரப்பும் நர்சரி வேலைக்கு மாற்றுவதாக முகாமன்று எஸ்டேட் மேனேஜரான துரை மைக்கில் சொல்லியிருந்தார். கம்பெனி கொடுத்த பளபளப்பான ரிப்போர்ட்டின்படி எஸ்டேட்டில் இடுப்பு போனவர் ஒருவர்கூட இல்லை. சிலோன்காரர்கள் மட்டும் ஏராளமாக இருந்தார்கள். மகிழ்ந்துபோன துரை பாராட்டுக் கடிதம் எழுதிவிட்டார். நர்சரி லிஸ்ட் என்று ஒன்று வரப்போவதில்லை. திங்கட்கிழமையிலிருந்து அம்மாவுக்குச் செங்குத்தான மேட்டுக்காட்டில் கொழுந்தெடுப்பு.

மறுநாள் ராஜரத்தினம் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் புதிதாக மாட்டியிருந்த துரையின் கடிதத்தைக் காட்டினார்.

"அக்யூரசி ஹண்ட்ரட் பர்சன்ட்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இப்பப் போய்த் தப்புன்னா, எதுங்க தப்பு? இந்த லெட்டருங்களா?"

"சார், எங்கம்மா பேரும் அதுல இருக்குதுங்க. பாசிட்டிவ்னு."

"உங்கம்மா சிலோன்லேருந்து வந்தவங்கதானே?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் என்னங்க? அவங்க கேஸ்ல கரெக்ட்டாத்தானே இருக்குது!"

பொய்யை எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். உண்மையை எப்படித் திருத்தச் சொல்வது? ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டலாமென்றால், நோயாளிகளின் ரகசியம் கருதி அதை அன்றைக்கே அழித்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் எஸ்டேட் ரைட்டரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பெனி லெட்டர் இல்லாம நான் ஒரு எழுத்தும் மாத்த முடியாதும்மா. ஒண்ணு பண்ணு. நாளைக்குக் காலைல அம்மாவக் கூட்டிட்டு வா. தொரை முன்னாடியே பெஞ்சுல படுக்கவச்சு, டிஸ்பென்சரி நர்ஸு காலைத் தூக்கிப் பாக்கட்டும். கத்துனாங்கன்னா தொரையே நம்பிருவாரு."

வீட்டில் அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். "எப்படி இருக்குதுன்னு ஒருக்கா பாத்துக்கலாம்மா."

தெய்வம்மா சேலையைக் காலோடு ஒதுக்கிச் செருகிக்கொண்டு மல்லாந்தாள். தகரக் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நோவுதுன்னு சொன்னா நர்சரிதானா புள்ள? ஆகாதவன்னு கணக்கு முடிச்சு அனுப்பிற மாட்டாங்களே? வேல போனா இந்த லயத்து வீட்டையும் விடச் சொல்லுவாங்க."

"நர்சரிதாம்மா" என்றாள். அந்த உறுதியில் ராஜரத்தினத்தின் குரல் கலந்திருந்தது அவளுக்கே கேட்டது.

குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். வெடிப்புகளில் தேயிலைக் கறை கோடு கோடாக ஏறியிருந்தது. முட்டியை மற்றக் கையால் அமுக்கிக்கொண்டு மெல்லத் தூக்கினாள். பாதிகூட ஏறியிருக்காது; தொடை கல்லாக இறுகியது. பாதம் நடுங்கத் தொடங்கியது. அம்மாவின் விரல்கள் கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தன. சத்தம் வரவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்ல புள்ள."

"நெசமாச் சொல்லும்மா."

"இல்லங்கிறேன்ல. இன்னுங் கொஞ்சம் தூக்கு."

வெளியே மூடுபனிக்குள்ளிருந்து பழனியாண்டியின் குரல் வந்தது. "என்னையப் பத்திக் கேட்டியா புள்ள? என்னா சொன்னாங்க?"

கோகிலவாணி மேலே தூக்கவும் முடியாமல் கீழே இறக்கவும் முடியாமல் நின்றாள். அவள் கையில் அந்தக் கால், மழையில் நனைந்த கோழிபோல் நடுங்கிக்கொண்டே இருந்தது.