உங்க முஷ்டி அளவு

கொத்தனாருக்கு வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். செருப்புக்குள் கிடந்த பொடிக்கல் ஒன்று செய்த வேலை. சர்க்கரை உடம்பு, புண் ஆறுவேனா என்றது. மூன்று மாதம் பார்க்கலாம், சர்க்கரை இறங்கி உடம்பும் தேறினால் மூடிக்கொள்ளும், இல்லையென்றால் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதம் இல்லாத கொத்தனாரை எந்த மேஸ்திரி சாரத்தில் ஏற்றுவான்?

டாக்டர் அவரையும் மனைவியையும் அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே சாப்பாட்டு அளவு சொல்லும் பெண் இருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் டயட் மேடம்.

"வீட்ல தராசு இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் மனைவி.

"வேண்டாம், கையே போதும். சோறு உங்க முஷ்டி அளவு. மீனோ கறியோ உங்க உள்ளங்கை அளவு, விரலைச் சேர்க்கக் கூடாது. எண்ணெய் உங்க கட்டைவிரல் நுனி அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

சொல்லும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரை. இந்த 'உங்க' என்ற வார்த்தை மரியாதையான வார்த்தைதான், யார் இல்லை என்றது? ஆனால் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அது யாரைச் சொல்கிறது என்று அதற்கே தெரியாது. சமைக்கப்போவது நான், பரிமாறப்போவதும் நான், அப்படியென்றால் என் கைதான் என்று மனைவி எடுத்துக்கொண்டாள்.

அவள் தையல்காரி. ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தால் இடுப்பு எத்தனை இஞ்ச் என்று சொல்லிவிடுவாள். ஆனால் கை மட்டும் பொடிசு. கையுறை வாங்கப் போனால் கடைக்காரர் குழந்தைகள் பக்கம் கைகாட்டுவார். கொத்தனாருக்கோ ஒரே கையில் இரண்டு செங்கல் அடங்கும். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'முறக்கை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூன்று மாதமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அளந்தாள். சோற்றைத் தட்டில் வைத்து, பக்கத்தில் தன் முஷ்டியை ஊன்றி, குனிந்து பார்த்து, நாலு பருக்கை அதிகம் என்று தோன்றினால் திரும்ப எடுத்தாள். மீன் துண்டைத் தன் உள்ளங்கையில் வைத்து, வெளியே நீட்டிய ஓரத்தை நறுக்கினாள். ஒருநாள் அவர், "இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார்.

"கால் வேணுமா, சோறு வேணுமா? நாக்கைக் கொஞ்சம் அடக்குங்க."

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. அவருடைய கால்சட்டைகளை அவள் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்ததால் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சந்தோஷம்தான். புண் மட்டும் வாயை மூடவில்லை.

மூன்றாம் மாதம் டயட் மேடம் அவரை எடை மெஷினில் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்தாள். பழைய சீட்டைப் பார்த்தாள். திரும்பவும் முள்ளைப் பார்த்தாள்.

"பதினாலு கிலோ போயிருக்கு. சோறு எவ்வளவு குடுத்தீங்க?"

தையல்காரி பெருமையாகத் தன் முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு மேல ஒரு பருக்கை போனதில்லைங்க."

டயட் மேடம் அந்த முஷ்டியைப் பார்த்தாள். பிறகு மெஷினில் நின்றவரின் கைகளைப் பார்த்தாள். "இது உங்க கைம்மா."

"ஆமாங்க. நீங்கதானே சொன்னீங்க?"

"நான் அவருக்குல்ல சொன்னேன். சாப்பிடுறவங்க கைதான் கணக்கு." குரலைத் தணித்துக்கொண்டாள். "சர்க்கரை நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா புண்ணு மூடச் சத்து வேணும். அது உடம்புல இல்லை. நான் ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்கணும்."

டாக்டர் புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்ததை அழுத்திப் பார்த்தார், இனிக் காத்திருக்க முடியாது என்றார், செவ்வாய்க்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்துவிட்டு அவள் கேட்டாள். "கை மாறினது உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தோணுச்சு."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே."

"நீ குனிஞ்சு அளக்கறப்ப உன் மூஞ்சியைப் பார்க்கணும். அவ்வளவு அக்கறை. அதுல போய் எப்படிக் குறை சொல்றது?" கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "கம்மியாத் தின்னா சீக்கிரம் ஆறும்னு நானும் நம்பிட்டேம்மா."

அவரை நாலு அறை அறையலாமா என்று வந்தது அவளுக்கு. அப்புறம் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று மாதமாகப் புருஷனைப் பட்டினி போட்டவள் நான்தான், அதுவும் அன்போடு போட்டிருக்கிறேன் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள், மீனைப் பொரித்தாள். தட்டுக்குப் பக்கத்தில் அவர் கையை மூடி வைக்கச் சொன்னாள். தோல் தொங்கினாலும் எலும்பு பழைய எலும்புதான். அதற்கு ஈடாகச் சோற்றைக் குவித்தால், இத்தனை நாள் போட்டதைப் போல இரண்டு பங்குக்கு மேல் வந்தது. மீனை நறுக்காமல் அப்படியே வைத்தாள்.

அவர் ஆசையாகத்தான் ஆரம்பித்தார். மெதுவாக, நன்றாக மென்று சாப்பிட்டார். அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வந்ததும் கை நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு கவளம் எடுத்தார், வாய்வரை கொண்டுபோய்த் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"சாப்பிடுங்க. இனிமே யாரும் தடுக்கப்போறதில்லை."

"இறங்கலைம்மா. வயிறு இதுக்குப் பழகிடுச்சு."

"எனக்காக ஒரு வாய்."

அவளுக்காக ஒரு வாய் வாங்கிக்கொண்டார். விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. போதும் என்று கையைக் காட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

தட்டில் மிச்சம் இருந்த சோற்றை அவள் பார்த்தாள். அவர் தின்றது எவ்வளவு என்று அளக்கத் தேவையே இல்லை, பார்த்ததுமே தெரிந்தது. சரியாக அவளுடைய முஷ்டி அளவு.