சமையலறை ரேடியோ

கார் ஷெட்டில் நின்று சீருடைச் சட்டையின் இரண்டாவது பித்தானை ரெனீட்டா கழற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக் கதவு திறந்தது. விர்ஜில் சித்தப்பா தலையை நீட்டினார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அப்படியே உள்ள வா."

அவள் கை அப்படியே நின்றது. "சட்டையோடயா?"

"நேரமில்லம்மா. வா."

இந்த வீட்டில் அந்தச் சட்டைக்கு இடமில்லை. அவள் போலீசில் சேர்ந்த அன்றே அப்பா லெமுவல் கெயின்ஸ் சொல்லிவிட்டார். "என்ன வேலை வேணா பாரு. அந்தச் சட்டையோட என் தம்பி முன்னால வந்து நிக்காத." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, வாழ்த்தவும் இல்லை. அன்றிலிருந்து அவள் பனிக்காலத்தில்கூட இந்த ஷெட்டில் நடுங்கிக்கொண்டே சட்டையைக் கழற்றி, துப்பாக்கியும் பெல்ட்டும் காரின் பின்பெட்டியில் பூட்டி, பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விர்ஜில் சித்தப்பாவுக்கு இருபது வயது இருக்கும்போது, கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை முடிந்து நடந்து வந்தவரை வேறு யாரோ திருடன் என்று நினைத்து இரண்டு போலீஸ்காரர்கள் தாடையை உடைத்தார்கள். ஆள் மாறிவிட்டது என்று மறுநாள் விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அவர் ஒரு பக்கமாகத்தான் மெல்லுவார். பொதுவாகவே பெல்ஃபோர்ட் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் போலீசைப் பிடிக்கும் என்கிறவர்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள், தாமதமாக வந்தால் திட்டுவார்கள், சீக்கிரம் வந்தால் எங்கே ஒளிந்திருந்தாய் என்று அதற்கும் திட்டுவார்கள். அந்தத் தெருக்களில்தான் ரெனீட்டா ரோந்து போகிறாள். சித்தப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு வெகு காலமாகிறது. 'ஆபீசரம்மா' என்பார், அதுவும் உதட்டைச் சுழித்துக்கொண்டு.

அவரே இன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்னறையில் ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய அப்பா அதில் பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. கண்கள் மூடியிருந்தன. வலது கை மட்டும் சும்மா இருக்கவில்லை. போர்வையைத் தடவும், கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றில் எதையோ தேடும், திரும்பும். நர்ஸ் மாக்சின் ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

மாக்சின் வீடு வீடாகப் போய்ச் சாகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். வலி இல்லை, அதற்கு மருந்து கொடுத்தாயிற்று, உடம்பு முடித்துக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறது, ஆனால் காலையிலிருந்து ஆள் எதற்கோ காத்திருக்கிறார் என்றாள். வரவேண்டியவர் யாராவது பாக்கியா என்று கேட்டாள். சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். அட்லாண்டாவிலிருந்து அத்தை போனில் பேசி அழுதுவிட்டாள். மகள் இதோ நிற்கிறாள். வேறு யாரும் இல்லை.

ரெனீட்டா அந்தக் கையைப் பிடித்தாள். "அப்பா, நான்தான். வந்துட்டேன்." கை அவள் பிடியில் ஒரு கணம் இருந்துவிட்டு நழுவி, மறுபடி தேடப் போயிற்று.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். நீ செய்வது தப்பில்லை என்று இவர் வாயால் ஒருதரம் கேட்க வேண்டும். போன கிறிஸ்துமஸுக்குக்கூடக் கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டு, உன் காரில் டயர் தேய்ந்திருக்கிறது மாற்று என்றார். இனி அந்த வாயிலிருந்து எந்த வார்த்தையும் வரப் போவதில்லை.

விர்ஜில் சித்தப்பா சமையலறை வாசலில் நின்று அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். உள்ளே போனதும் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கறுப்பு ரேடியோவைக் காட்டினார். அதன் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் எதுவும் இல்லை. எப்போதும் அங்கேயே கிடப்பதால் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

"இது என்னோடது, தெரியுமா உனக்கு?"

"இது என்னது? போலீஸ் ரேடியோ கேக்குற பெட்டியா?"

"உங்க ஆளுங்க எந்தத் தெருவுல சுத்துறாங்கன்னு தெரிஞ்சா நான் வேற தெருவுல போவேன். அதுக்கு வாங்குனது. நீ வேலைக்குச் சேந்த வாரம் உங்கப்பன் வந்து கேட்டான். ஒரு வாரம் இருக்கட்டும், தர்றேன்னான்." சித்தப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்த வாரம் இன்னும் முடியல."

அவர் சொல்லச் சொல்ல ரெனீட்டா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேலையில் இருந்த ஒவ்வொரு நாளும் அப்பா இந்த மேஜையில் உட்கார்ந்து, ஊர் முழுக்க நடக்கும் திருட்டுக்கும் அடிதடிக்கும் நடுவில் அவள் குரல் வரும்வரை காத்திருப்பாராம். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்ல வேண்டும், கன்ட்ரோல் ரூமில் இருக்கும் பெண் பத்திரமாகப் போ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகுதான் பெட்டியை விட்டு எழுந்து, விளக்கை அணைத்துப் படுக்கப் போவாராம். சித்தப்பா கிண்டல் செய்வாராம். செய்துகொண்டே பக்கத்து நாற்காலியில் அவரும் உட்கார்ந்திருப்பாராம்.

"கார்வர் தெருக் கடையில உன்னை ஒருத்தன் கத்தியால கிழிச்சானே, அன்னிக்கு நீ ஆள் அனுப்புங்கன்னு கத்தினது இங்கதான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் உன் சத்தமே இல்ல. உங்கப்பன் வீட்டுச் செருப்போட காரை எடுத்துட்டுப் போயிட்டான். போலீஸ் கட்டுன மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோட கூட்டமா நின்னு, நீ எந்திரிச்சு நிக்கறதைப் பாத்துட்டுத் திரும்பி வந்தான். வந்து இங்க உக்காந்து அழுதான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

கையில் தையல் போட்ட அந்தத் தழும்பை ரெனீட்டா தடவினாள். மறுநாள் கட்டோடு வந்தவளிடம் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். கார் கதவு இடித்துவிட்டது என்றாள். "இந்தக் காலத்துக் கதவையெல்லாம் நம்பவே முடியல" என்று சொல்லிவிட்டு, விசேஷம் எதுவும் இல்லாத அந்த நாளில் அவளுக்குப் பிடித்த கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துப் போட்டார். போதும் போதும் என்ற பிறகும் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னால நீங்க ரேடியோவைப் பூட்டிட்டீங்கல்ல, வெளியாளு யாரும் கேக்கக் கூடாதுன்னு. அன்னிக்கே இந்தப் பெட்டி ஊமையாயிடுச்சு, புள்ளி மட்டும் சும்மா ஓடிக்கிட்டிருக்கு. உங்கப்பன்தான் கழட்ட விடல. எப்பவாவது திறந்து விடுவாங்கன்னான்."

போன் வர ஆரம்பித்தது அந்த வருஷத்தில்தான். ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்து அப்பா கூப்பிடுவார். குப்பை வண்டி செவ்வாயா புதனா? என் குடை உன் காரில் இருக்கிறதா? வினிகர் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? அவளுக்குச் சிரிப்பும் வரும், அலுப்பும் வரும். கூட வேலை செய்கிறவர்கள், உங்கப்பா குடை கிடைத்ததா என்று கேட்டுச் சிரிப்பார்கள். வீட்டுக்குக் கிளம்பிட்டேன்ப்பா, அப்புறம் பேசலாம் என்பாள். சரி சரி என்று உடனே வைத்துவிடுவார். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும் என்று ஒருநாளும் அவர் வற்புறுத்தியதில்லை.

இருட்டில் காருக்குள் தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்த எத்தனையோ இரவுகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் இந்தச் சமையலறையில் விளக்கு எரிந்திருக்கிறது. அவள் சித்தப்பாவின் தோளில் முகத்தை வைத்து, "சொன்னதுக்கு ரொம்ப நன்றி சித்தப்பா" என்றாள். அவளது போலீஸ் பேட்ஜ் நெஞ்சில் குத்தியும் அவர் விலகவில்லை.

"அந்தக் கை எதைத் தேடுதுன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்" என்றார். "பெட்டியைக் கொண்டுபோய் வச்சுப் பாத்தேன். ஊமைப் பெட்டியை வச்சு என்ன பண்றது? அதான் அப்படியே வான்னேன்."

அவள் முன்னறைக்கு வந்து கட்டிலோரம் மண்டியிட்டாள். தோளில் செருகியிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். தெருவில் ஒரு போலீஸ்காரர் தோளிலிருந்து அந்தக் கரகரப்பு கேட்டாலே சித்தப்பா அந்த இடத்தில் நிற்கமாட்டார். இன்று கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாக்சின் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஒதுங்கினாள். ரெனீட்டா பொத்தானை அழுத்தித் தன் ரோந்து எண்ணைச் சொன்னாள்.

"கன்ட்ரோல், நாலு பன்னெண்டு."

"சொல்லு, நாலு பன்னெண்டு."

போர்வையைத் தடவிய கை நின்றது.

"ஷிஃப்ட் முடிஞ்சுது." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். இந்த மனிதர் அவள் குரல் சாதாரணமாக இருக்கிறதா என்றுதானே இத்தனை நாள் கேட்டிருக்கிறார். "வீட்டுக்கு வந்துட்டேன்."

கன்ட்ரோலில் இருந்தவளுக்கு விஷயம் தெரியும். ரெனீட்டாவை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பி வைத்ததே அவள்தான். எப்போதும் சொல்கிற அதே தொனியில் சொன்னாள்.

"கேட்டுச்சு, நாலு பன்னெண்டு. பத்திரமா இரு."

லெமுவல் கெயின்ஸின் கை போர்வையின் மேல் படுத்துக்கொண்டது. விரல்கள் தளர்ந்தன. ரெனீட்டா அவர் காதருகே குனிந்து, "தேங்க்ஸ்ப்பா" என்றாள், "எல்லா ராத்திரிக்கும்." மூச்சு மெதுவாக, நீளமாக வந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெளியே பேருந்து ஒன்று நின்று கதவு திறந்து மூடிக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் வெயில் கட்டிலைத் தாண்டித் தரைக்கு இறங்கிய பிறகு, எதிர்பார்த்த மூச்சு வரவில்லை. மாக்சின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

சவ அடக்கக் கம்பெனியின் கார் வாசலில் வந்து நின்றபோது இரண்டு பேர் கறுப்புக் கோட்டோடு இறங்கினார்கள். அக்கம்பக்கத்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடைபாதையில் நின்றிருந்தார்கள். ரெனீட்டா, சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஷெட்டுப் பக்கம் திரும்பினாள். விர்ஜில் சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார்.

வந்ததும் ஷெட்டில் அவள் கழற்றிய இரண்டு பித்தான்களும் திறந்தே கிடந்தன. கீழே இருந்ததை அவரே முதலில் போட்டார். மேலே இருந்தது துளைக்குள் நுழைய நேரமெடுத்தது.

"நேரா நில்லு, ஆபீசரம்மா" என்றார்.

அவள் நேராக நின்றாள். சமையலறையில் சிவப்புப் புள்ளி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது.