அறுந்த கம்பி

சமார் தீவில் புயல் ஓய்ந்த காலையில், பெர்லிட்டாவின் சமையலறைக் கூரை மேல் பக்கத்து வீட்டுப் பலாமரம் சாய்ந்து கிடந்தது. கிளைகளுக்குள் மின்கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. கொழுந்தன் இஸ்கோ மெஷின் ரம்பத்தோடு ஓடி வந்தான்.

“கிட்டப் போகாதே. கரண்ட் ஆபீஸ் ஆள் வரட்டும்.”

“நேத்திலேருந்து ஊருக்கே கரண்ட் இல்ல அண்ணி. செத்த கம்பிக்குப் போய் இப்படிப் பயப்படறீங்களே!”

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். “விடு இஸ்கோ, உங்க அண்ணி பலாப்பழத்துக்குக் காவல் இருக்காங்க.”

பெர்லிட்டா துடைப்பத்தைக் குறுக்கே பிடித்து மறித்தாள். மூன்றாவது வீட்டிலிருந்து யாரோ மைக்கில் பாடும் சத்தம் வந்தது.

“கரண்ட் இல்லாமலா அங்க மைக் பாடுது?”

“அது ஜெனரேட்டர் அண்ணி.”

“அதைத்தான் சொல்றேன். அந்த ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்குல சொருகியிருப்பான். மெயின் சுவிட்சை அணைச்சிருக்காட்டி, அவன் கரண்ட் இந்தக் கம்பி வரைக்கும் வரும்.”

இஸ்கோ முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தான். பத்து மணிக்கு மின்சார ஆபீஸ் ஆள் வந்து, நீளக் கழியின் நுனியிலிருந்த சோதனைக் கருவியைக் கம்பியருகே நீட்டினார். அது வீரிட்டு அலறியது. சிரித்தவர்கள் பின்வாங்கினார்கள். இஸ்கோ ரம்பத்தைக் கீழே வைத்தான்.

பெர்லிட்டா விறுவிறுவென்று மூன்றாவது வீட்டுக்குள் போனாள். பாட்டு பாதியில் நின்றது. கருவியும் அடங்கியது. மின்சார ஆபீஸ் ஆள் கம்பியை அகற்றிவிட்டுத் தலையசைத்தார்.

“இப்ப வெட்டு” என்றாள் பெர்லிட்டா.

“உத்தரவு, அண்ணி” என்றான் இஸ்கோ. வேலியோரம் கைதட்டல் எழுந்தது.