வலது பின்சக்கரம்

செவிலிமேட்டுப் பட்டறையில், டிரெய்லரின் அடியிலிருந்து வீரபாகு நெளிந்து வெளியே வந்ததும் கமலவேணி கேட்டாள்.

"சத்தம் போயிடுமாப்பா?"

"சுத்தமா போயிடும்மா. ரப்பர் புஷ் தேஞ்சி இரும்பும் இரும்பும் ஒரசிக்கினு இருக்குது. இன்னாமோ சொந்தக்காரங்க ஊருக்குப் போற மாதிரி கேக்குறீங்க!"

அவள் சிரிக்கவில்லை.

இரண்டு அச்சு, நான்கு சக்கரம், உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. சினிமாக் கம்பெனி ஒன்று கழித்துப் போட்டதை அவள் கணவர் சிவராஜ் வாங்கி, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தார். ஊர் ஊராகப் போய் அதிலேயே தங்க வேண்டும் என்று ஆசை. தாமல் ஏரிக்கரை வரைக்கும்தான் போனார்கள். அந்த மாதமே மாரடைப்பு.

வீட்டுத் தறியில் அவர்கள் நெய்யும் கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் இருப்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொருவர். தள்ளு என்று சிவராஜ் வாய் திறந்து சொன்னதில்லை. தொண்டைக்குள்ளேயே ஒரு "ம்". கல்யாணமான நாளிலிருந்து அந்த "ம்"முக்கு அவள் கை தானாக நகரும். இப்போது தறியில் அவள், பக்கத்தில் மகள் சுகாசினி. இவள் "ம்" என்றால் அவள் "ஓகேமா" என்கிறாள்.

அவர் போனபின் ஒருநாள் டிரெய்லரை இடம் மாற்றினார்கள். சுகாசினி ஜீப்பை ஓட்ட, கமலவேணி உள்ளே உட்கார்ந்திருந்தாள். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது வலது பின்சக்கரத்தின் மேலிருந்து அது வந்தது. அதே தொண்டை. அதே "ம்". மடியில் கிடந்த கை நகர்ந்துவிட்டது. பிறகு அரிசி வாங்க, எண்ணெய் வாங்க என்று வண்டியைக் கட்டச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "மளிகைக் கடைக்கு வீட்டையே இழுத்துக்கினு போற ஒரே பொம்பள நீதாம்மா" என்பாள் மகள்.

இப்போது வருஷத் திதிக்கு ராமேஸ்வரம் போக வேண்டும். அவர் வண்டியில்தான் போக வேண்டும்.

"ஆணி போற ஓட்டையப் பாருங்க, முட்டை மாதிரி ஆயிடுச்சி. இப்படியே போனா வழியில அச்சு தனியா கழண்டு ஓடும். நாலு சக்கரத்துக்கும் கனமான ஸ்பிரிங் பட்டையா மாத்தி, பித்தளை புஷ்ஷு, கிரீஸ் அடிக்கிற ஆணி எல்லாம் போட்டுடறேன்" என்றான் வீரபாகு.

"இந்த ஒரு சக்கரத்த மட்டும் அப்படியே உட்டுடேன்பா."

"நல்லா கேட்டீங்க போங்க! அதாம்மா மொத்தமா போயிருக்குது."

சுகாசினி ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தாள். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"எனக்கும் கேக்குதும்மா."

கமலவேணி திரும்பிப் பார்த்தாள்.

"மொத நாள்லருந்தே கேக்குது. அதுக்குன்னே பள்ளமாப் பாத்து உட்டுக்கினு போவேன். போடச் சொல்லும்மா. அப்பாவ அங்க கொண்டு போய் உடத்தான போறோம்?"

"போடுப்பா" என்றாள் கமலவேணி.

சாயங்காலம் வேலை முடிந்து, ஓட்டிப் பார்க்கப் பாலாற்றுப் பாலத்துக்குப் போனார்கள். அவள் வலப்பக்கப் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கியது. ஒன்றுமில்லை. காதைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். டயர் ஓடும் சத்தம் மட்டும்.

புதுப் பட்டைகள் வண்டியை நாலு விரல் தூக்கிவிட்டிருந்தன. பழைய உயரத்தில் ஜன்னலில் பாலத்துச் சுவர் மட்டுமே தெரிந்திருக்கும். இப்போது சுவருக்கு மேலே மணல் தெரிந்தது. தண்ணீரில்லாத ஆற்றில், சிவராஜ் கட்டுவதைப் போலவே லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், முகம் காட்டாமல், வண்டி போகும் திசையிலேயே நடந்துகொண்டிருந்தார். விளக்குக் கம்பம் வந்து அவரை மறைத்தது. கம்பம் கடந்தது, இருந்தார். அடுத்த கம்பம் மறைத்தது. இருந்தார். வண்டிக்கு ஈடாக எப்படி நடக்கிறார் என்று அவள் யோசிக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டாள். அடுத்த கம்பம் வந்துகொண்டிருந்தது.