விளக்கு அணைந்த பிறகு

அன்று காலை என் வீட்டுக்காரர் சந்தியாகு கம்மங்கூழைக் குடித்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் போட்டிருந்த பூசணிக்கொடி கூரையெங்கும் மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை.

"ஒன் கொடி நம்ம கோயில் ஆளுக மாதிரி புள்ள. நல்லாப் பூக்கும். காய் மட்டும் கேக்கக் கூடாது" என்றார்.

"பேசாம வேலைக்குப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடை அது. எரியோட்டுக்குக் கிழக்கே மலைச்சாமியின் தோட்டக் கிணறு வற்றிப்போய், அதில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஆழக் கிணற்றில் கெட்ட காற்று தங்கும். அதனால் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள்; அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். அன்று என் வீட்டுக்காரரோடு வேலை செய்த பெரியகருப்பன் விளக்குக்குக் காத்திராமல் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே பேச்சு நின்றது. என் வீட்டுக்காரர் விளக்கை இறக்கினார். பாதி ஆழத்திலேயே அணைந்தது. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அடியில் போய் அந்தக் கயிற்றை அவிழ்த்துப் பெரியகருப்பன் இடுப்பில் கட்டினார். மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். பெரியகருப்பன் பிழைத்தார். கயிறு திரும்ப இறங்கியபோது அதைப் பிடிக்கக் கீழே கை இல்லை.

இதெல்லாம் மலைச்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் என் கண்முன்னே அது நடந்துகொண்டே இருந்தது. அந்தியில் விளக்கேற்றினால் போதும், சுடர் கீழே கீழே போகும், அணையும். அணைந்ததற்கும் அவர் கயிற்றைக் கட்டியதற்கும் நடுவில் ஒரு கணம் இருந்திருக்குமே, அதில் நானும் மகள் ஞானப்பூவும் அவர் நினைவுக்கு வந்தோமா? வந்தும் இறங்கினாரா? மரித்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டேன். அடுத்தவனுக்காக உயிரைக் கொடுத்தவருக்கு மோட்சம் நிச்சயம் என்றார் சாமியார். நானும் நம்பினேன். பூசை தவறவில்லை, செபமாலை தவறவில்லை. வாய் செபித்தது, உள்ளே கிணறுதான் இருந்தது.

பெரியகருப்பன் அவ்வப்போது வந்து கத்திரிக்காயோ கீரையோ வாசலில் வைத்துவிட்டு நிற்பார். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் மூச்சு விடுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகொரு மழைக்காலத்தில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ஒரு மத்தியானம் பெரியகருப்பன் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"தாயி, எம் பொஞ்சாதி சோலையம்மா கெடக்குறா. சனம் பூராம் ஒதுங்கிருச்சு. ஒங்ககிட்டக் கேக்க எனக்கு மொகம் இல்ல."

அடுப்படியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொதித்த கஞ்சியில் உப்பைப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். சோலையம்மாள் பாயோடு பாயாகக் கிடந்தாள். கழுவினேன், துணி மாற்றினேன், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டும்வரை கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். வண்டி போனபின் வெளியே வந்து கை கழுவினேன். பக்கத்து வீட்டு அய்யம்மாள் தூரத்தில் நின்றபடியே கேட்டாள்.

"ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இதுக்குள்ள போயிட்டு வாரியே. நீ கும்புடுற சாமி வந்து அதுக்குச் சோறு போடுமா? ஞானப்பூவ நெனச்சியா நீ?"

நினைக்கவில்லை. கஞ்சியைக் கையில் எடுத்ததிலிருந்து அந்த நிமிஷம்வரை என் மகள் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. அவள்மேல் எனக்கு உயிர். பாயில் ஒருத்தி கிடந்தாள், அது ஒன்றுதான் தெரிந்தது.

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். எங்களை ஒரு தட்டிலும் பெரியகருப்பனை மறு தட்டிலும் வைத்து அவர் நிறுக்கவே இல்லை. கீழே ஒருவர் கிடந்தார்.

சோலையம்மாள் பிழைத்து வந்தாள். அதற்குப் பின் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனேன், நோய்க்கும் பிரசவத்துக்கும் சாவுக்கும். கோயிலில் முழந்தாளிட்டு ஆண்டவரிடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத நிறைவு, அந்தப் பாய்களின் ஓரத்தில் கிடைத்தது. இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை. சுடரும் போகவில்லை, அந்தியில் இறங்கத்தான் செய்கிறது. இப்போது அது அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருட்டில் ஒருவர் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்ப்பது தெரிகிறது.

அந்தக் கிணறு பிறகு நன்றாக ஊறியது. மலைச்சாமி மோட்டார் வைத்துவிட்டார். ஆனால் தண்ணீர் பழையபடி உப்புத்தான், இன்னமும் அதில் பருப்பு வேகாது.