ஒட்டு மீசை வகுப்பு

வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் ஊழியர்களுக்காக அந்தக் கம்பெனி ஸ்பானிஷ் வகுப்பு நடத்தியது. மெக்சிகோவில் இறந்தவர்களை வரவேற்கும் நாள் நெருங்கியபோது, அதை வகுப்பில் கொண்டாடலாம் என்று சொன்னது டீச்சர்தான்.

"உங்க வீட்டில தவறினவங்க படத்தை மேசையில வைப்போம். அவங்களைப் பத்தி ஸ்பானிஷ்ல ரெண்டு வார்த்தை பேசுங்க. அது போதும்."

விஷயம் மனிதவளத் துறை மேடத்தின் காதுக்குப் போனது. அவ்வளவுதான். அன்று மாலை டீச்சர் உள்ளே நுழைந்தால், அறை முழுக்க பலூன். ஆளாளுக்கு ஒட்டு மீசை, தலையில் குடை அளவு வைக்கோல் தொப்பி. மண்டையோட்டு முகமூடிக்குள்ளிருந்து ஒருத்தி "ஓலா!" என்று ஸ்பானிஷில் வணக்கம் சொல்லிக் கத்தினாள். கம்பெனி விளம்பரத்துக்காக வந்த வீடியோக்காரர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக இருந்தன. மௌனசாமி கொண்டுவருவதாகச் சொன்ன படத்தை மட்டும் காணோம். லேசில் வாய் திறக்காதவர் என்பதால் அவருக்கு வகுப்பில் அந்தப் பட்டப்பெயர். போன வருடம்தான் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார்.

"படம் எங்க சார்?"

"வச்சேன் டீச்சர். எடுத்துட்டாங்க போல."

"நான்தான் எடுத்தேன்," என்றார் மேடம். "தலையில முடியே இல்லாம, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. வீடியோ பார்க்கிறவங்களுக்கு மூட் போயிடும். நல்லா இருந்தப்போ எடுத்த படம் இருந்தா வைக்கட்டுமே."

படம் குளிர்பானப் பெட்டிக்கு அடியில் குப்புறக் கிடந்தது. கண்ணாடியில் ஈரம். டீச்சர் அதைத் துடைத்துக்கொண்டே மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"இறந்தவங்களுக்கான நாள்ல இறந்தவங்களையே ஒளிச்சு வைப்பீங்களா? அந்த ஊர்லயும் ஆடுவாங்க, சிரிப்பாங்க. ஆனா யாருக்காகச் சிரிக்கிறோம்னு தெரிஞ்சு சிரிப்பாங்க!"

"குரலைக் குறைங்க டீச்சர். கேமரா ஓடுது."

"ஓடட்டும்!"

மௌனசாமி எழுந்தார். தனக்கும் ஒட்டிவிட்டிருந்த மீசையைப் பிய்த்துப் போட்டார். படத்தை வாங்கி மேசை நடுவில் வைத்துவிட்டு ஸ்பானிஷில் பேசினார். இவள் என் மனைவி. சத்தமாகச் சிரிப்பாள். முடி கொட்டியபோது தானே மழித்துக்கொண்டாள். நான் அழுதேன், அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது எடுத்த படம்.

வினைச்சொற்கள் அத்தனையும் தப்பு. டீச்சர் திருத்தவில்லை.

பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "அவ நல்லா இருந்தப்போ எடுத்த படம் இதுதான் மேடம்." அவர் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. "அவளைப் பெட்டிக்கு அடியில போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

மேடம் வெளியே போனார். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் நைசாக நழுவினார்கள்.

மறுநாள் டீச்சரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். வீடியோ மட்டும் வெளியானது. அதில் பலூனும் இசையும், ஓரத்தில் டீச்சரின் முகமும். தன் முகத்தை நீக்கச் சொல்லி போன் செய்தாள். "ரெண்டு செகண்ட்தானே?" என்றார்கள். அவள் விடவில்லை. தினமும் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். கடைசியில் தொல்லை தாங்காமல் வீடியோவையே நீக்கினார்கள்.

அன்று மௌனசாமி போனில் வந்தார். "உங்களுக்கு வேலை போச்சே டீச்சர்."

"வேலை கிடக்கட்டும் சார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல."

"எனக்கும்தான்," என்றார் அவர்.